கடலோர வீட்டு முற்றத்துக்கு உலோகச் சிற்பம்: எந்த உலோகத்தில், யாரிடம் செய்யச் சொல்வது?

கேள்வி: முத்தியால்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், சோலை நகர்க் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. திறந்த முற்றத்தில் மூன்றடி உயரத்துக்கு ஓர் உலோகச் சிற்பம் வைக்க விரும்புகிறோம். அது தெய்வ உருவம் அன்று. ஊசுடு ஏரியில் பார்த்துப் பழகிய நாரை, ஒரு காலை மடக்கி நிற்கும் நிலையில் வேண்டும்.

விசாரித்த இடங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் மெழுகில் உருச் செய்து பஞ்சலோகத்தில் வார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், பழைய சைக்கிள் சங்கிலி, பல்சக்கரம், கம்பி ஆகியவற்றைப் பற்றவைத்துப் பறவைகள் செய்கிறார். அவருடைய மீன்கொத்தியின் அலகு, தேய்ந்துபோன ஓர் அரத்தின் முனை என்பது கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் ஒருவரோ பித்தளையே போதும் என்கிறார். எங்கள் வீட்டு இரும்புக் கேட் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் துருப்பிடித்துக்கொண்டே இருப்பதால், எதையும் முடிவு செய்யத் தயக்கமாக இருக்கிறது.

இன்னொன்று: பிரான்சில் இருக்கும் என் தம்பி, ஓரடி உயர நடராசர் சிலை ஒன்றை இங்கிருந்து எடுத்துச் செல்ல விரும்புகிறான். அதில் கவனிக்க வேண்டியவை ஏதேனும் உண்டா?

பதில் 1: வார்ப்புப் பட்டறை, கடலூர்

வணக்கம் அம்மா. சுவாமிமலையில் தொழில் பழகி, இப்போது கடலூர் முதுநகரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், யாரிடம் கொடுத்தாலும் எதைக் கேட்க வேண்டும் என்பது தங்களுக்கே விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில்தான் முதலில் உருவத்தைச் செய்வோம். அதன்மேல் மிக நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, அது நிழலில் காய்ந்ததும் அடுத்த பூச்சு, பிறகு மணல் கலந்த கனமான மண் என்று அடுக்கி, பெரிய உருவமானால் இரும்புக் கம்பி சுற்றி இறுக்குவோம். மெழுகின் மேலிருக்கும் நகக்கீறலைக்கூட முதல் பூச்சு பிடித்துக்கொள்ளும் என்பதால், அந்த மண்ணைச் சலிப்பதில் நாங்கள் அவசரப்படுவதில்லை. அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுக்கிறோம். ஓர் அச்சில் ஓர் உருவம்தான். அதன் பிறகு உளியும் அரமும் கொண்டு செய்யும் சீவல் வேலைக்குத்தான் நாட்கள் அதிகம் பிடிக்கும். ஒரு பட்டறையின் தரத்தை அந்த வேலையில்தான் பார்க்கலாம்.

எனவே மெழுகு உருவம் முடிந்ததும் நேரில் போய்ப் பாருங்கள். கழுத்தின் வளைவு, மடக்கிய காலின் முட்டி, அலகின் நீளம் எதுவானாலும் அப்போது விரலாலேயே திருத்திவிடலாம்; மண் பூசிய பிறகு திருத்தவே முடியாது. முன்பணம், மெழுகு பார்த்து ஒப்புக்கொண்டபின் ஒரு பகுதி, வேலை முடிந்ததும் மீதி என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

தெய்வ உருவங்களுக்குத் தாலக் கணக்கு என்ற உடல் அளவு முறை உண்டு. தென்னங்கீற்றை மடித்து அளவு குறித்துக்கொண்டு செய்கிறோம். நாரைக்கு அப்படி ஒரு கணக்கு எங்கள் கையில் இல்லை. விளக்கின் உச்சியில் அன்னமும் மயிலும் செய்து பழகிய கை, தாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த வடிவத்துக்கே போகும். பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கொடுங்கள். முதலில் ஒரு சாண் உயரத்தில் மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள்.

எடையையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு எட்டு முதல் பத்து கிலோ உலோகம் பிடிக்கும் என்பது எங்கள் கணக்கு. கோயில் உற்சவ மூர்த்திகளைப்போல் உள்ளே வெற்றிடமில்லாத கனவார்ப்பாகச் செய்தால், நாரையின் உடல் எடையை அந்த ஒற்றைக்கால் தாங்காது. உடலை உள்ளே மண்கரு வைத்துப் பொள்ளலாக வார்த்து, காலை மட்டும் கனமாக வார்த்து, சுற்றிலும் நான்கைந்து கோரைத் தண்டுகளை எழுப்பி அவற்றில் ஒன்றிரண்டு உடலின் அடியைத் தாங்குமாறு அமைத்தால் பார்வைக்கும் இயல்பாக இருக்கும்.

பஞ்சலோகம் என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். இன்று அதில் பெரும்பங்கு செம்புதான். பித்தளையும் கொஞ்சம் ஈயமும் சேரும். பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்கே. பெரும்பாலும் செய்யச் சொன்னவரே வார்ப்பின்போது தம் கையால் இடுவார். வழிபாட்டுத் திருமேனிக்கு அது பொருத்தம். முற்றத்து நாரைக்குச் செம்பும் வெள்ளீயமும் கலந்த நல்ல வெண்கலமே போதும். கலவை விகிதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பதில் 2: உலோகவியல் ஆசிரியர், நெய்வேலி

மேலே ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். பித்தளை போதும் என்ற யோசனையை மட்டும் நிச்சயமாக ஒதுக்கிவிடுங்கள். துத்தநாகம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பித்தளையில், உப்புக் காற்றும் ஈரமும் சேரும்போது துத்தநாகம் கரைந்து வெளியேறி, வலுவற்ற செம்பு மட்டும் எஞ்சும். மேற்பரப்பு சிவந்து தெரியத் தொடங்குவது அதன் அறிகுறி.

வெண்கலமும் பச்சை பூக்கும். ஆனால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. ஒட்டிப் பிடித்து, தடவினால் கையில் வராத பச்சைப் படலம் உலோகத்தைக் காக்கும். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் புள்ளி புள்ளியாகக் கிளம்பி உதிர்ந்தால், அது உப்பிலுள்ள குளோரைடால் வரும் அரிப்பு. உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க, குழாய் நீரில் உப்பு இருக்குமானால் மழைநீரிலோ வாலைவடிநீரிலோ அவ்வப்போது கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதுமானது. புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி ஆகியவற்றைக் கொண்டு தேய்க்கவே கூடாது. அவை காக்கும் படலத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

பீடத்தில் பொருத்த இரும்புப் போல்ட் போட வேண்டாம். வெண்கலமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் இரும்பு விரைந்து அரிக்கும், பீடமெங்கும் துருக்கறை வழியும். 316 வகை எவர்சில்வர் போல்ட் வாங்குங்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் 304 வகையில் மாலிப்டினம் என்ற உலோகம் இல்லை. 316-இல் 2 முதல் 3 சதவீதம் உண்டு, உப்புக் காற்றை அது தாங்குவது அதனால்தான்.

பதில் 3: சிற்பக்கலை பயின்றவர், அரியாங்குப்பம்

பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவள் நான். வெல்டிங் பட்டறை இளைஞரைத் தாங்கள் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். தேய்ந்த அரத்தில் மீன்கொத்தியின் அலகைக் கண்டெடுத்த கண், எளிதில் வாய்ப்பதில்லை. சுவாமிமலைக்கு 2008-க்குப் பின் புவிசார் குறியீட்டின் பெருமையும் உண்டு, தலைமுறைகளாகத் தேடி வருவோரும் உண்டு. நம்மூர்ச் சாலையோரத்தில் தனியாக நின்று செய்பவர்களுக்கு முதல் சில வேலைகள் கிடைப்பதே பெரும்பாடு. பழைய இரும்பு கடலோர முற்றத்துக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அதே கையிடம் 316 எவர்சில்வர் வெட்டுத்துண்டுகளைக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். பற்றவைத்த இடங்களில் கருகிய நிறத்தை அமிலப் பசை தடவி நீக்கிவிட வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துங்கள். துரு முதலில் தோன்றுவது அங்கேதான். அல்லது பழைய இரும்பிலேயே ஒரு சிறிய பறவையை வீட்டுக்குள் வைக்க வாங்குங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. கோயில்களுக்குக் கவசமும் வாகனத் தகடும் செய்பவர்கள், செப்புத் தகட்டை அரக்கின்மேல் வைத்து உள்ளிருந்து தட்டிப் புடைப்பெடுப்பார்கள். இறகுகளின் அடுக்கை அவர்களைப்போல் நுணுக்கமாகக் காட்ட வார்ப்பாலும் முடியாது என்பது என் எண்ணம். எடையும் மிகக் குறைவு.

பதில் 4: உழவர்கரை

தம்பியின் நடராசரைப் பற்றி: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிலைகள் தொல்பொருள்களாகும், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. புதிய சிலைக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் சிலைக் கடத்தலால் தமிழகம் பட்ட பாடு சிறிதன்று. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். ஆகவே விமான நிலையத்தில் கேள்வி வருவது இயல்பு, வரவும் வேண்டும். செய்தவர் பெயர், செய்த ஆண்டு, எடை, உயரம் ஆகியவை உள்ள பில்லையும் படங்களையும் வைத்து, இது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து பூசிப் பழசுபோல் கறுக்கவைத்த சிலையை வாங்கவே வேண்டாம்.

முத்தியால்பேட்டைவாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாரையை வெண்கலத்தில் வார்க்கவும், இளைஞரிடம் மீன்கொத்தியை வீட்டுக்குள் வைக்க வாங்கவும் எண்ணியிருக்கிறோம். கடலூர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஐப்பசியில் வேலையைத் தொடங்கினால் பொங்கலுக்குள் முடியுமா?

வார்ப்புப் பட்டறை, கடலூர்

முடியாது அம்மா, முடியும் என்று சொல்பவரிடமும் கொடுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் பூச்சு உள்வரை காயாது. சிறிது ஈரம் தங்கியிருந்தாலும், ஆயிரம் டிகிரி சூட்டில் உலோகத்தை ஊற்றும்போது நீராவி கிளம்பி அச்சு வெடிக்கும். அருகில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. மழைக்காலத்தில் மாதிரியும் மெழுகு உருவமும் செய்துகொள்ளலாம். தையில் மண் பூசத் தொடங்கினால், மாசி வெயிலில் காயவைத்துப் பங்குனிக்குள் வார்த்துவிடலாம். சீவி முடிக்கச் சித்திரை ஆகும்.