ஃபிளாஸ்க், தவா, பேட்டரி: பெரியதா, சிறியதா?

தென்றல்:
வெந்நீருக்கு ஃபிளாஸ்க் வாங்கப் போகிறேன், எனக்கு மட்டும்தான். அரை லிட்டர் போதும் என்று தோன்றுகிறது. வீட்டிலோ, "எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரியதாக வாங்கு" என்கிறார்கள். அது சரியா?

அளவுகோல்:
யோசிக்காமல் பெரியதையே வாங்குங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் வெளிப்பரப்பு 4 மடங்கு, கொள்ளளவு 8 மடங்கு. சூடு வெளியேறுவது பரப்பு வழியாக. தேங்கி நிற்பது உள்ளே இருக்கும் நீரில். அதனால் பெரியது மெதுவாகத்தான் ஆறும். 1892-இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டுவார் செய்த வெற்றிடக் குடுவையும், அதாவது இன்றைய ஃபிளாஸ்க்கின் முன்னோடியும், இந்தக் கணக்குக்குள் அடக்கம்.

சிறுதுளி:
அளவுகோல், முழுதாக நிரப்பினால்தான் அந்தக் கணக்கு. தென்றல் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் அரை லிட்டர்தான் ஊற்றப் போகிறார். நீர் பாதியாகிவிட்டது, மூடியும் கழுத்தும் அப்படியேதான் இருக்கின்றன. நல்ல ஃபிளாஸ்க்கில் சூடு பெரும்பாலும் போவதே அந்த வழியாகத்தான்.

பாதி காலியான ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆவி முத்து முத்தாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு துளியும் நீரின் சூட்டைக் கொண்டுபோய் மூடியிடம் கொடுத்துவிட்டுத்தான் அங்கே தொங்குகிறது.

அப்புறம் எடை. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. அதை நாள் முழுக்கச் சுமப்பது யார்?

நாடோடி:
பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஏஏ (தடித்தது), ஏஏஏ (மெல்லியது) இரண்டுமே 1.5 வோல்ட்தான். தடித்தது வேகமாக ஓட்டும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அளவுகோல்:
வோல்ட் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஏ ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கிறதே! பெரியது தாக்குப்பிடிக்கும் என்பதைத்தானே நானும் சொல்கிறேன்?

சிறுதுளி:
பேட்டரி முழுதாக நிரம்பி வருகிறது, அதனால் அங்கே பொருந்துகிறது. தவாவுக்கு வாருங்கள். 20 செ.மீ. தவாவுக்குப் பதில் 30 செ.மீ. வாங்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு. அடுப்பின் பர்னர் மட்டும் வளராது. நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. எவ்வளவு ஊற்றுகிறோம், எதன்மேல் வைக்கிறோம் என்று பார்க்காமல் பெரியதை வாங்கச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அளவுகோல்:
தவாவில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஃபிளாஸ்க்கில் விட்டுத்தர மாட்டேன். இன்று ஒருவர், நாளை இருவர் ஆகலாம்.

தென்றல்:
இருவரானால் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன், அரை லிட்டரே எடுக்கிறேன். வாய் அகலமானதா, குறுகலானதா?

சிறுதுளி:
குறுகலில் சூடு நிற்கும். ஆனால் பிரஷ் அடிவரை போகவேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் கொதிநீர் விட்டு, சில நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். சிறிய ஃபிளாஸ்க்கில் உள்சுவர் குடிக்கும் சூடுகூடக் கணக்கில் வரும்.