மழையிலும் கடலிலும் தாங்கும் சின்ன கேமரா எது?

லோரிக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். தோட்டத்திலிருந்து மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருமே, அதைப் படம் பிடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. போன மாதம் எடை போடும் வரிசையில் நின்றபடி, சன்னல் வழியே கைப்பேசியை நீட்டி எடுத்தேன். ஐந்து நிமிட மழைதான், சார்ஜ் ஓட்டைக்குள் தண்ணீர் போய்ச் செத்துவிட்டது. மூன்று நாள் அரிசி டின்னில் புதைத்து வைத்தும் எழவில்லை. அம்மா அரிசி வீணாகிவிட்டதே என்றுதான் திட்டினார்.

சட்டைப் பையில் அடங்கும் கேமரா வேண்டும். முக்கியமாக மின்னல். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பாங்கோர் தீவுக்குப் போகிறோம், அங்கே கடலிலும் இறங்கும். பழைய கேமராவாக இரண்டு கிடைக்கின்றன: நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர் ஆழம் தாங்குமாம், ஒலிம்பஸ் டிஜி-6 15 மீட்டர்தான். 30 தானே மேல்?

தைப்பிங்வாசி:
தம்பி, பாங்கோரில் 30 மீட்டர் இறங்கினால் கேமராவைத் தேடமாட்டோம், உங்களைத்தான் தேடுவோம். ஆழத்தை விடுங்கள். மின்னலுக்கு டிஜி-6 வாங்குங்கள். அதில் லைவ் கம்போசிட் என்று ஒன்று இருக்கிறது. கேமராவை முக்காலியில் வைத்து அமுக்கிவிட்டால் படம் மேல் படமாக எடுத்துக்கொண்டே போகும். முதல் படத்துக்குப் பிறகு, புதிதாக வெளிச்சம் விழுந்த இடத்தை மட்டும் சேர்க்கும். வானம் வெளுத்துப் போகாது, பத்து நிமிடத்தில் வெட்டிய மின்னல் எல்லாம் ஒரே படத்தில் நிற்கும். ஆனால் இருட்டிய பிறகுதான். உங்கள் மூன்று மணி வெளிச்சத்துக்கு அது உதவாது, அப்போது மேகத்தை எடுங்கள்.

இன்னொன்று, டிஜி-6-இல் ரா கோப்பு, அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் படம், கிடைக்கும், டபிள்யூ300-இல் கிடையாது. கறுத்த மேகத்தில் விவரம் மீட்க அது வேண்டும். எல்லா அமைப்பையும் நாமே வைக்கும் முழு மேனுவல் மட்டும் இல்லை, அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். 2023-இல் டிஜி-7 வந்துவிட்டது. அதில் ஒலிம்பஸ் என்ற பெயர் ஓஎம் சிஸ்டம் என்று மாறியிருக்கும். கூடுதலாக யூஎஸ்பி-சி உண்டு. அதற்காகப் புதிது வாங்கத் தேவையில்லை.

மழையில் பிளாஷை அணைத்துவிடுங்கள். போட்டால் துளியெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழும். அப்புறம், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. செம்பனை மரத்தடியில் நிற்காமல் லோரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

லுமுட் அக்கா:
பாங்கோர் என்றதும் வயிறு எரிந்தது. என் கேமரா அங்கேதான் போனது. தண்ணீர் புகாத கேமராதான், முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் மணலில் உட்கார்ந்து பேட்டரி மாற்றினேன். மூடியின் ரப்பரில் மகளின் தலைமுடி ஒன்று, விரல் நீளம்கூட இல்லை, குறுக்கே ஒட்டியிருந்திருக்கிறது. தண்ணீரில் இறங்கிய இரண்டாவது நிமிடம் திரையில் கோடு விழுந்தது, அவ்வளவுதான். மூடியைத் திறந்தபோது முடி அப்படியே இருந்தது.

பேட்டரியை அறைக்குள் மாற்றுங்கள் அண்ணே, ஏர்கோன் காற்று காய்ந்திருக்கும். வெளிக்காற்றின் ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் குளிர்ந்த தண்ணீரில் லென்சுக்கு உள்ளே பனி படியும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, துடைத்துக் காய்ந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

மே முதல் செப்டம்பருக்குள் போனால் விடியற்காலை எழுந்திருங்கள். சுமத்திராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை கடல்மேல் கறுப்புச் சுவர் மாதிரி நிற்கும்.

லோரிக்காரன், சுங்கை சிப்புட்:
நன்றி அண்ணே, அக்கா. சரி, டிஜி-6 தான். விற்பவர் ஈப்போவில் இருக்கிறார், சனிக்கிழமை போகிறேன். பழையது என்பதால் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க மகனின் பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போகிறேன். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

தைப்பிங்வாசி:
லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.