பழைய ஸ்டேஷன் கட்டடங்களை இடிக்காமல் புதுப்பிக்க முடியாதா?

மேலமாசிக்காரன்: மதுரை ஜங்ஷன் மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அதே பட்டியலில் இருந்த எழும்பூரில், 1908-இல் திறந்த சிவப்புக் கட்டடத்தை விட்டுவைத்துப் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். நம் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் என்றால் மட்டும் ஏன் கடப்பாரையைத் தேடுகிறோம்?

கொத்தனார் மகன்: கடப்பாரையைவிட ஆபத்து அரைகுறைப் பூச்சுதான். பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்தது. ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி எனாமலும் அடித்தால் ஈரம் எங்கே போகும்? உப்புப் பூத்து, பாளம் பாளமாக உதிரும். உடனே "கட்டடம் பலவீனம்" என்று எழுதிவிடுவார்கள்! அப்பா கரண்டிக் காம்பால் தட்டியே, காரை எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அண்ணாந்தும் பாருங்கள்: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திய கட்டைக்குத்து ஒட்டுக் கூரை. சித்திரை வெயிலில் அதன் கீழ் நின்றவர் தகரக் கூரையைப் புகழமாட்டார்.

திருமங்கலத்துப் பெண்: எல்லாம் சரி அண்ணே, முழங்கால் வலியோடு என் அம்மா நடைமேம்பாலம் ஏறுவது எப்படி? லிஃப்ட் வேண்டாமா?

கொத்தனார் மகன்: கட்டாயம் வேண்டும், தங்கச்சி. அதற்குப் பழைய சுவரைத் தொடவே வேண்டாம். பிளாட்பாரத்தில் தனி அஸ்திவாரம் போட்டு எழுப்பலாம். டிக்கெட் கவுண்டரையும் புதுக் கட்டடத்துக்கு மாற்றட்டும். பழைய கூடம் காத்திருப்பவர்களுக்கு இருக்கட்டும்.

மேலமாசிக்காரன்: ஜங்ஷன் எதிரே இருந்த மீன் சிலை?

கொத்தனார் மகன்: அதற்குத் தனி விவாதத் திரி தொடங்குங்கள், அண்ணே. இங்கே ஆரம்பித்தால் விடியாது.