உதவி: உத்யம் இருக்கு, ஜிஎஸ்டி இல்ல, ஓஎன்டிசி பதிவு பாதியில நிக்குது

மளிகை_ஆர்: வணக்கம், அவசரம். அரசு ஆதரவுல நடக்குற ஆன்லைன் வணிக வலையமைப்பு ஓஎன்டிசில கடையைச் சேர்க்க ஒரு விற்பனையாளர் செயலில பதிவு போட்டேன். பான், வங்கிக் கணக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்புப் பதிவு) எல்லாம் ஏத்தியாச்சு. ஜிஎஸ்டி எண் கேக்குற கட்டத்துல உத்யம் (சிறுதொழில் பதிவு) எண்ணைப் போட்டா சிவப்பா காட்டுது. சின்னக் கடைக்கு அரசே உதவுதுன்னாங்களே, இதை எப்படித் தாண்டுறது?

கல்லாப்பெட்டி: எந்த மாநிலம்? வருஷ விற்றுமுதல் எவ்வளவு? டெலிவரி எது வரைக்கும்? இது தெரியாம சொல்ல முடியாதுங்க.

டிஜிட்டல்_தம்பி: ப்ரோ, கேஷை அழிச்சிட்டு குரோம்ல போடுங்க. பான்ல இருக்குற பேர் எழுத்து மாறாம இருக்கணும். பெரும்பாலும் அதான் சிக்கல்.

தராசு: உத்யம் எண் 19 எழுத்து, ஜிஎஸ்டி எண் 15. அதைக் கொண்டுபோய் இதுல போட்டா சிவக்காம என்ன செய்யும்? சில்லறை வணிகருக்கு உத்யம் கொடுக்கலாம்னு 2021 ஜூலை 2-ல உத்தரவு வந்தப்பவே, பலன் வங்கிகளோட முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டும்னு தெளிவா எழுதியிருக்கு. கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிக்கலாம்.

கல்லாப்பெட்டி: சரிங்க சார், அவர் கேட்டதுக்குப் பதில்?

மளிகை_ஆர்: தமிழ்நாடு. விற்றுமுதல் 25 லட்சம்தான் வரும், வரி இல்லாத அரிசியைக் கழிச்சுட்டா.

கல்லாப்பெட்டி: கழிக்கக் கூடாது. ஜிஎஸ்டி பதிவுக்கான 40 லட்ச வரம்புக்கு வரி இல்லாத பொருளும் சேர்த்திதான். கூட்டிப் பார்த்தும் உள்ள இருந்தா, 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே மாநிலத்துக்குள்ள ஆன்லைன்ல விக்கலாம். ஆனா 'என்ரோல்மென்ட்' எண் வாங்கணும். ஜிஎஸ்டி தளத்துல சர்வீசஸ், அதுக்குள்ள யூசர் சர்வீசஸ், அதுல பதிவில்லாதவருக்கு யூசர் ஐடி உருவாக்குற இடம். எதுக்குன்னு கேக்கும்போது 'சப்ளையர் டு இ-காமர்ஸ் ஆபரேட்டர்ஸ்'னு எடுங்க. ரீஃபண்டை எடுத்துட்டா அது வேற பாதை. பான், கடை முகவரி, மாநிலம், ஓடிபி. ஒரு பானுக்கு ஒரே மாநிலம்தான். எண் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆர்டர்கூட எடுக்காதீங்க. இந்த எண்ல விக்கறவங்ககிட்ட ஜிஎஸ்டி டிசிஎஸ் (வித்த பணத்துல செயலிக்காரங்க பிடிச்சுக் கட்டுற வரி) பிடிக்கக் கூடாது, பிடிச்சா செயலிக்காரங்ககிட்ட கேளுங்க.

கருப்பட்டி: இதெல்லாம் வலைங்க. 2025 ஜூலைல கர்நாடகாவுல யுபிஐ வரவைப் பார்த்துத்தான் சின்னக் கடைக்கெல்லாம் நோட்டீஸ் விட்டாங்க. க்யூஆரைக் கழட்டிட்டு ரொக்கம் வாங்குங்க.

தராசு: யுபிஐ வாங்குனதுக்கா நோட்டீஸ்? வரம்பு தாண்டியும் பதிவு பண்ணலைன்னு வந்தது. ரொக்கமா வாங்கினாலும் வரம்பு அதேதான்.

கருப்பட்டி: அப்ப சின்னக் கடை யுபிஐக்குன்னு அரசு அறிவிச்ச அந்த 1,500 கோடி ஊக்கத்தொகை எங்க போச்சு? எந்தக் கடைக்காரர் கணக்குல ஏறுச்சு?

தராசு: 2,000 ரூபாய் வரைக்கும் 0.15 சதவீதம், அது 2024-25 கணக்கு. போறது கடைக்கு யுபிஐ வசதி கொடுத்த வங்கிக்கு, கடைக்கு இல்ல. கடைக்குப் பலன், கட்டணம் பிடிக்காததுதான்.

டிஜிட்டல்_தம்பி: சிறுதொழில்களை ஓஎன்டிசில சேர்க்குற டீம் திட்டத்துல காசு வருதாமே? 277.35 கோடின்னு போட்டிருந்தாங்க.

கல்லாப்பெட்டி: மத்திய அரசோட சிறுதொழில் கழகம் என்எஸ்ஐசி நடத்துறது. கையில காசு வராது தம்பி. பொருள் பட்டியல் ஏத்துறது, பேக்கிங், அனுப்புறது இதுக்கான உதவி. உத்யத்துல வெறும் வியாபாரம்னு பதிஞ்சிருந்தா தகுதி உண்டான்னு முதல்ல என்எஸ்ஐசில கேட்டுக்கணும். மளிகை சார், டெலிவரி தூரம் இன்னும் சொல்லல.

மளிகை_ஆர்: கடை கடலூர் மாவட்டம் ரெட்டிச்சாவடில. 8 கி.மீ. வட்டம் போட்டிருக்கேன்.

கல்லாப்பெட்டி: அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா! வடக்கே முள்ளோடை, கன்னியகோவில் எல்லாம் புதுச்சேரி. அங்க ஒரு கிலோ பருப்பு அனுப்பினாலும் வெளிமாநில விற்பனை. 40 லட்ச வரம்பு அங்க செல்லாது, முழு ஜிஎஸ்டி பதிவு வேணும். சின்ன வணிகருக்கான எளிய வரித் திட்டம் காம்போசிஷன்லயும் முடியாது. வட்டத்தை எடுத்துட்டு ஊர் ஊரா குறிங்க. பின்கோடை மட்டும் நம்பாதீங்க, கடலூர் மாதிரியே புதுச்சேரி பாகூர் பக்கமும் 607-லதான் ஆரம்பிக்குது.

கருப்பட்டி: அப்ப கன்னியகோவில்காரர் கடைக்கே வந்து வாங்கினா?

தராசு: பில்லுல அவர் முகவரி எழுதலைன்னா கடை இருக்கற இடம்தான் கணக்கு. முகவரி எழுதினா அந்த முகவரி. இதுவும் 2023 அக்டோபர்லேர்ந்துதான். ஆன்லைன் ஆர்டர்ல முகவரி இல்லாம இருக்காது, அதான் வித்தியாசம்.

மளிகை_ஆர்: எண் வந்துருச்சு. செயலில 'ஜிஎஸ்டி பதிவில்லாதவர்'னு கீழ ஒரு சின்ன பெட்டி இருந்துச்சு, அதுல போட்டதும் எடுத்துக்கிச்சு. புதுச்சேரி ஊர்களை நீக்கியாச்சு. நன்றிங்க.

தராசு: உளுந்து, பருப்பெல்லாம் நீங்களே அரைக்கிலோ பாக்கெட் போட்டு விக்கறீங்களா? அப்படின்னா எடையளவுச் சட்டப்படி பேக்கர் பதிவு வேணும், கட்டணம் 500 ரூபாய், பாக்கெட் போட ஆரம்பிச்ச 90 நாளுக்குள்ள. எம்ஆர்பி, நிகர எடை, பேக் பண்ணினவர் முகவரி பட்டியல்லயும் வரணும்.

தராசு: மளிகை சார்?