வயலுக்கு அடியில போற கேஸுக்கு நிலத்துக்காரனுக்கு பங்கு உண்டா?

வெட்டாற்றங்கரை:
அண்ணன்மார்களே ஒரு யோசனை வேணும். திருவாரூர் பக்கம் எங்களுக்கு 9 மா நஞ்சை, தாத்தா பேர்ல இருந்து இப்ப அப்பா, சித்தப்பா, அத்தை மூணு பேருக்கும் கூட்டுப் பட்டா. நாலு வயல் தள்ளி ஒரு பழைய கேஸ் கிணறு ரொம்ப வருஷமா ஓடுது. இப்ப ரெண்டு பேர் வந்து அங்கேருந்து குழாய் போகணும், உங்க வயல் குறுக்கால வருது, கையெழுத்து போட்டா செக் கைல கொடுத்துடுவோம்னு சொல்றாங்க, பேப்பர் முழுக்க இங்கிலீஷ், அப்பா ஒண்ணும் புரியாம வாங்கி பொட்டில வச்சிருக்கார். டெக்சாஸ்ல இருக்குற மச்சான் போன் பண்ணி, இங்கெல்லாம் கேஸ் எடுத்தா நிலத்துக்காரனுக்கு மாசாமாசம் ராயல்டி வருது நீயும் கேளுங்குறான். நமக்கு அப்படி உண்டா? அதுவும் போக, டெல்டாவை வேளாண் மண்டலம்னு அறிவிச்சாச்சே, அப்புறம் எப்படி குழாய் போட வர்றாங்க?

சேத்துக்கால்:
தம்பி ராயல்டிய மறந்துடு. நம்மூர்ல பெட்ரோலியம் எடுக்கணும்னா 1948 எண்ணெய் வயல் சட்டத்துக்கு கீழ அரசாங்கம் குத்தகை கொடுக்கணும், ராயல்டி மாநில அரசுக்கு போகும், பட்டாதாரருக்கு அதுல பத்து பைசா வராது. 2013ல ஒரு கேரளா வழக்குல நிலத்துக்கு கீழ இருக்குற கனிமமும் நிலத்துக்காரனுக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சுன்னு வாட்ஸ்அப்ல சுத்திட்டே இருக்கும், அது மலபார்ல அந்தக் காலத்துலேருந்து முழு உரிமையோட வச்சிருந்த ஜென்ம நிலத்தை வச்சு வந்த தீர்ப்பு, அதை தூக்கிட்டு போய் கேஸ் கம்பெனிகிட்ட பங்கு கேட்டா சிரிப்பாங்க. உனக்கு வரவேண்டியது நிலத்தை பயன்படுத்துறதுக்கும் பயிர் அழிவுக்கும் உண்டான காசு, அதை ஒழுங்கா வாங்குற வழிய பாரு.

ஹூஸ்டன் வாசி:
உங்க மச்சான் பாதிதான் சொல்லிருக்கார். இங்க மேல் நிலம் ஒருத்தர்கிட்ட, அடி கனிமம் வேற ஒருத்தர்கிட்ட இருக்கலாம், தாத்தா காலத்துலயே கனிமத்தை தனியா வித்திருப்பாங்க. அப்படி வெறும் மேல் நிலத்தை மட்டும் வாங்கினவனுக்கு ராயல்டி கிடையாது, ஆனா கனிமக்காரன் லீசுக்கு விட்டா கம்பெனி அவன் நிலத்துக்குள்ள ரோடு போட்டு கிணறு துளைக்குற ரிக் இறக்கலாம், தடுக்க முடியாது. கனிமம் கைல இருக்குறவங்களுக்கு எட்டுல ஒரு பங்குதான் பழைய வழக்கம், பேரம் பேசத் தெரிஞ்சா நாலுல ஒரு பங்கு வரைக்கும் போகும், அதுலயும் கேஸை சுத்தம் பண்ண, கொண்டு போகன்னு கழிச்சுட்டுத்தான் பல கம்பெனி கொடுக்குது.

வக்கீல் குமாஸ்தா:
மண்டலம் விஷயத்துக்கு வர்றேன். 2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுசா எண்ணெய், கேஸ், மீத்தேன், ஷேல் தேடுறதையும் தோண்டுறதையும்தான் தடுக்குது. ஏற்கனவே நடந்துட்டு இருந்த வேலைக்கு அதுல விலக்கு இருக்கு, பைப்லைன், ரோடு மாதிரி கட்டமைப்புக்கும் விலக்கு இருக்கு. நெடுவாசல் போராட்டம் 2017ல நடந்ததும் புதுசா எடுக்கப்போறதை எதிர்த்துத்தான், அதே வருஷம் கதிராமங்கலத்துல கசிஞ்சது ஏற்கனவே புதைச்ச குழாய். அந்த ரெண்டாவது ரகத்துக்குத்தான் நம்மாளுங்ககிட்ட சட்டத்துல பிடி கம்மி.

குழாய்க்குன்னே 1962 சட்டம் ஒண்ணு இருக்கு. நிலம் உங்க பேர்லயே இருக்கும், பயன்பாட்டு உரிமைய மட்டும் எடுப்பாங்க, விவசாயம் பண்ணலாம், ஆனா அந்த பட்டையில வீடு கட்டக்கூடாது, கிணறு குளம் வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. நாளைக்கு போர் போடணும், தென்னை வைக்கணும்னு நெனப்பு இருந்தா அது போச்சு. கெசட்ல அறிவிப்பு வந்து 21 நாளுக்குள்ள ஆட்சேபணை எழுத்துல கொடுக்கலாம். இழப்பீடு நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம், அது போக பயிர், வரப்பு, மரம்னு ஆன நஷ்டம் தனி. தொகை பத்தலைன்னா மாவட்ட நீதிபதிகிட்ட போகலாம். சந்தை மதிப்புன்னா ஆபீஸ்ல கைடுலைன் வேல்யூவ எடுத்து போடத்தான் பார்ப்பாங்க, அதனால பக்கத்துல சமீபத்துல வித்த கிரயப் பத்திர நகல் ரெண்டு மூணு எடுத்து வச்சுக்கோங்க. ஆனா உங்ககிட்ட வந்த பேப்பர் இந்த சட்டப்படி வந்த நோட்டீஸா, இல்ல தனி லீஸ் அக்ரிமெண்டான்னு மொதல்ல பாருங்க, ரெண்டும் வேற வேற.

களிமண்:
காசை விட மண்ண பாருங்க. எங்க வயல்ல குழி தோண்டுனப்ப ஜேசிபிகாரன் மேல் மண்ணையும் அடி களியையும் ஒரே குவியலா தள்ளிட்டு, மூடும்போது மஞ்ச களி மேல வந்துடுச்சு, அந்த பட்டை மட்டும் மழைக்கு அமுங்கி கெடக்கும், வெயிலுக்கு பாளம் பாளமா வெடிக்கும், நடவு நட்டா அங்க மட்டும் பயிர் செவந்து நிக்கும். தண்ணி ஒரு பக்கம் முழங்கால் அளவு நிக்குது இன்னொரு பக்கம் ஏறவே மாட்டேங்குது. மேல் மண்ண தனியா வச்சு தனியா மூடணும், மட்டம் பண்ணிக் கொடுக்கணும், வாய்க்கால் தலைமடைய பழையபடி கட்டிக் கொடுக்கணும்னு எழுதி வாங்குங்க. சூப்பர்வைசர் வாயால சொல்றதெல்லாம் காண்ட்ராக்ட் மாறினா அவனோட போயிடும். வேலை தொடங்குறதுக்கு முன்ன வயல நாலு பக்கமும் போட்டோ எடுங்க, அடங்கல்ல நடப்பு சாகுபடி ஏறிருக்கான்னு விஏஓகிட்ட பாத்துடுங்க, ஏறலைன்னா தரிசுன்னு சொல்லி பயிர் நஷ்டத்த வெட்டிடுவாங்க.

வெட்டாற்றங்கரை:
ரொம்ப நன்றிண்ணே. பேப்பர் எடுத்து பாத்தேன், மேல லீஸ் அக்ரிமெண்ட்னு இருக்கு, எத்தன வருஷம்ங்குற இடம் காலியா கெடக்கு. அத்தை சென்னைல இருக்காங்க, அப்பா மட்டும் போட்டா போதும்னு பேப்பர் கொண்டு வந்தவங்க சொல்றாங்களே?

வக்கீல் குமாஸ்தா:
வருஷம் காலியா இருக்குற பேப்பர்ல யாரும் பேனா வைக்காதீங்க. கூட்டுப் பட்டான்னா மூணு பேரும் போடணும், அப்பா மட்டும் போட்டு செக் வாங்கினா நாளைக்கு அத்தை பங்குக்கு அவர்தான் பதில் சொல்லணும். இந்த சர்வே நம்பருக்கு கெசட் அறிவிப்பு ஏதும் வந்திருக்கான்னு கலெக்டர் ஆபீஸ்ல எழுத்துல கேட்டு ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. அந்த இங்கிலீஷ் பேப்பரை சர்வே நம்பர், பேரெல்லாம் மறைச்சு இங்க போடுங்க, ராத்திரி படிச்சு பாத்துட்டு சொல்றேன்.