மறுமொழி: படத்தொகுப்பு டிவியில் ஓடவில்லை

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் படத்தொகுப்பின் பவர்பாயிண்ட் ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகினேன், ஒன்றுமே தெரியவில்லை என்று தம்பி எழுதியிருந்தார். டிவியில் கோளாறு இல்லை தம்பி. பெரும்பாலான டிவிகள் பென் டிரைவில் போட்டோ, பாட்டு, வீடியோ இந்த மூன்றைத்தான் தேடும். பவர்பாயிண்ட் ஃபைல் அதன் கண்ணில் படவே படாது. லேப்டாப்பும் எச்டிஎம்ஐ கேபிளும் பக்கத்தில் இருந்தால் நேராக இணைத்துக் காட்டிவிடலாம், வீடியோவாக மாற்றவே வேண்டாம். ஆனால் நாம் இதை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப் போகிறோம். கம்ப்யூட்டரைத் தொடாத பெரியவர்கள் ரிமோட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு வீடியோதான் சரி.

மாற்றுவது சுலபம். பவர்பாயிண்டில் 2010 பதிப்பு முதலே இந்த வசதி உண்டு. அதில் டபிள்யுஎம்வி வீடியோதான் கிடைக்கும். 2013 முதல் எம்பி4 கிடைக்கிறது, டிவிக்கு அதுதான் தோது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதற்குள் கிரியேட் எ வீடியோ. தரம் 1080பி போதும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கீநோட்டில் எக்ஸ்போர்ட் டூ, மூவி.

நாம் மெனக்கெட வேண்டியது நேரத்துக்குத்தான். மேடையில் காட்டும்போது எல்லோரும் படித்துவிட்டார்களா என்று முகங்களைப் பார்த்துக் கிளிக் செய்வோம். வீடியோவில் அப்படி யாரும் இல்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பவர்பாயிண்ட் ஒரு ஸ்லைடுக்கு 5 விநாடி கொடுக்கும். வெறும் போட்டோவுக்கு அது போதும். நான்கு வரித் தமிழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் அம்மாவுக்குப் போதாது. அவர் இரண்டாம் வரியில் இருக்கும்போதே அடுத்த படம் வந்துவிடும், ரிமோட்டில் நிறுத்தவும் கை ஓடாது. ஆகவே பவர்பாயிண்டில் ரிஹர்ஸ் டைமிங்ஸ் (ஒவ்வொரு ஸ்லைடும் நிற்கும் நேரத்தைப் பதியும் வசதி) போட்டு, ஒவ்வொரு ஸ்லைடையும் வாய்விட்டு இரண்டு தடவை நிதானமாகப் படித்தபின் அடுத்ததற்குப் போங்கள். அந்த நேரங்கள் அப்படியே வீடியோவில் ஏறும். 60 ஸ்லைடு 5 விநாடி வீதம் 5 நிமிடத்தில் பறந்துவிடும், 12 விநாடி வீதம் என்றால் 12 நிமிடம். நீளுகிறதே என்று தோன்றினால் ஸ்லைடைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். பின்னணி இசை வைத்திருந்தால் மொத்த நேரத்துக்கு அது போதுமா என்றும் பாருங்கள். பாதியில் நின்றுபோனால், பார்ப்பவர்கள் டிவியில் சத்தம் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

அடுத்து நம் எழுத்து. வீடியோவாகிவிட்டால் எழுத்தும் படமாகிவிடும், எந்த டிவியிலும் சிதையாது. ஆனால் மாற்றுகிற கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இருந்தாக வேண்டும். பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்த பக்கத்தை அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். போன தடவை நான் பார்க்காமல் மாற்றி, பெயர்ப் பக்கம் முழுவதும் அப்படி வந்துவிட்டது. பெயர் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்னும் மனது கேட்கவில்லை. தயாரித்தவரே தன் கம்ப்யூட்டரில் மாற்றி அனுப்புவதுதான் நல்லது. இனிமேல் அடிப்பதை யூனிகோடிலேயே அடித்துவிடுவோம்.

சில டிவிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம் அது. நாலு பக்கமும் 5 சதவீதம் இடம் விட்டு உள்ளே எழுதுங்கள், தப்பித்துக்கொள்ளலாம். ஸ்லைடின் அளவு 16:9 ஆக இருக்கட்டும். பழைய 4:3 தொகுப்பை அப்படியே மாற்றினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், தவறில்லை. பட்டையை மறைக்கிறேன் என்று இழுத்துவிடாதீர்கள், முகங்கள் எல்லாம் அகன்றுபோகும்.

பவர்பாயிண்டுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் வைத்திருக்கும் அக்கா ஸ்லைடுகளைப் படங்களாக எடுத்து வீடியோ எடிட்டரில் கோக்கலாம். அப்படிக் கோத்த ஒரு வீடியோ எனக்குக் கம்ப்யூட்டரில் அழகாக ஓடியது, டிவியில் சத்தம் மட்டும் வந்தது. வண்ணத்தைப் பதியும் முறை 4:4:4 என்று அமைந்திருந்தது, டிவிகள் எதிர்பார்ப்பது 4:2:0. அதை மாற்றி எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி என்று மறுபடி எடுத்ததும் படம் வந்துவிட்டது.

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. நம்முடையது அவ்வளவு வராது.

தம்பி, முழுத் தொகுப்பையும் மாற்றும் முன் மூன்றே மூன்று ஸ்லைடை எம்பி4 ஆக்கி இங்கே அனுப்புங்கள். எழுத்து அதிகமுள்ள ஒன்று, போட்டோ ஒன்று, இசை தொடங்கும் ஒன்று. ஆளுக்கு ஒரு மாதிரி டிவி வைத்திருக்கிறோம். அவரவர் வீட்டில் ஓட்டிப் பார்த்து, ஓரம் வெட்டுகிறதா, சோபாவில் உட்கார்ந்தால் எழுத்து தெரிகிறதா என்று எல்லோரும் எழுதுவோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையே படிக்கச் சொல்லி, எந்த ஸ்லைடில் நேரம் போதவில்லை என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.