பழைய மோட்டோகிராஸ் வண்டியை டிராக் டே வண்டியாக மாற்றுவது: எதில் கை வைக்கத் தொடங்குவது?

சேற்றுச்சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2005-ஆம் ஆண்டு மாடல் 450 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி ஒன்று ஓட்டப்படாமல் நிற்கிறது. கார்புரேட்டர், அலுமினிய பிரேம், ஐந்து கியர், கிக்கர் மட்டும் உள்ள வகை. மேடுகளில் தாவி இறங்குவதை என் முழங்கால்கள் இனித் தாங்காது என்பதால் மண்தடத்தை விட்டாயிற்று. விற்கலாம் என்றால், கேட்கிற விலை அடிமாட்டு விலையாக இருக்கிறது. ஆகவே இதையே டிராக் டேக்களில் (பந்தயத் தடத்தை யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியை ஓட்டத் திறந்துவிடும் நாட்கள்) தார்த்தடத்தில் ஓட்டக்கூடிய, தாழ்ந்த கைப்பிடியும் ஃபேரிங்கும் (காற்றைக் கிழிக்கும் வெளி உறை) கொண்ட ஒற்றைச் சிலிண்டர் ரேஸ் வண்டியாக மாற்றலாம் என்று நினைக்கிறேன். பொதுச்சாலைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை.

என் திட்டம் இதுதான். முதலில் 17 அங்குலச் சக்கரங்கள். பிறகு ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்கள்) டிரிபிள் கிளாம்ப்பில் (அந்தக் கால்களை ஸ்டீரிங் தண்டோடு பிணைக்கும் பிடி) மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்துவது, கிளிப்-ஆன் கைப்பிடி (ஃபோர்க் கால்களில் தாழ்வாக மாட்டும் தனித்தனிக் கைப்பிடிகள்), ஃபேரிங், கடைசியாக உயர் அழுத்த பிஸ்டனும் கேம்ஷாஃப்டும். முன்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு சுறுசுறுப்பாக வண்டி திரும்பும் என்று எங்கும் படிக்கிறேன். இந்த வரிசை சரிதானா, பணத்தை முதலில் எதில் போடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

நண்பரே, உங்கள் வரிசையில் இரண்டாவதாக இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. 17 அங்குலச் சக்கரத்தை மாட்டிய கணமே முன்பக்கம் தானாகத் தாழ்ந்துவிடும். அதற்குமேல் ஃபோர்க்கையும் ஏற்றினால் நேர்க்கோட்டில் ஸ்டீரிங் நடுங்கும், பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று கையில் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80/100-21 முன் டயரின் ஆரம் ஏறத்தாழ 347 மி.மீ.; 120/70-17 டயருக்கு அது 300 மி.மீ. ஆக முன்பக்கம் 47 மி.மீ. இறங்குகிறது. பின்னால் 19 அங்குலச் சக்கரத்திலிருந்து 160/60-17 டயருக்கு வரும்போது சுமார் 28 மி.மீ.தான் இறங்குகிறது. இந்த 19 மி.மீ. வித்தியாசத்தால் ஸ்டீரிங் கோணம் (ஸ்டீரிங் அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) முக்கால் டிகிரி குறைகிறது. கோணத்தில் இது சிறிய மாற்றம்தான். அடி விழுவது டிரெயிலில். ஸ்டீரிங் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளியே டிரெயில்; சக்கரத்தைத் தானாக நேராக்கி நிறுத்துவது அதுதான். மோட்டோகிராஸ் வண்டியில் 27 டிகிரி கோணமும் 110 மி.மீ. டிரெயிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், வேறு எதையும் தொடாமல் சக்கரங்களை மட்டும் மாற்றிய பிறகு டிரெயில் 82 மி.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. வழக்கமான ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் இது 95 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். இன்னும் ஃபோர்க்கைத் தொடவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இருக்கிற ஃபோர்க்கையே வைத்துக்கொண்டு, ஆஃப்செட் (ஸ்டீரிங் அச்சிலிருந்து ஃபோர்க் கால்கள் முன்னே தள்ளி நிற்கும் தூரம்) குறைந்த டிரிபிள் கிளாம்ப் வாங்குவது முதல் வழி. ஆஃப்செட்டை 8 மி.மீ. குறைத்தால் டிரெயில் சுமார் 9 மி.மீ. கூடும். மற்றொன்று, ஸ்போர்ட்ஸ் வண்டி ஒன்றின் முன்பகுதியைக் கிளாம்ப், பிரேக், சக்கரத்தோடு மொத்தமாகப் பொருத்துவது. மோட்டோகிராஸ் ஃபோர்க்கில் அச்சு, காலின் நடுக்கோட்டுக்கு முன்னால் தள்ளி இருக்கும். ஸ்போர்ட்ஸ் ஃபோர்க்கில் பெரும்பாலும் அப்படி இருக்காது. அதனால் மொத்த ஆஃப்செட் 30 மி.மீ. அளவிலேயே நின்று, கோணத்தை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் டிரெயில் 100 மி.மீ.க்குக் குறையாது. உண்மையான ரேஸ் வண்டியின் குணம் வேண்டுமென்றால் எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. ஸ்டீரிங் தண்டையும் பேரிங்கையும் உங்கள் பிரேமுக்குப் பொருத்த லேத் வேலை தேவைப்படும். அதைத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

சஸ்பென்ஷன் பயணத்தை (அது அமுங்கி எழும் தூரத்தை) குறைப்பதும் இதே கணக்கைச் சேர்ந்தது. ஏறத்தாழ 300 மி.மீ. பயணமுள்ள ஃபோர்க், பிரேக் பிடித்ததும் 100 மி.மீ. அமுங்கினால், பின்பக்கம் எழுவதைச் சேர்க்காமலேயே கோணம் சுமார் மூன்றரை டிகிரி மாறிவிடும். உள்ளே ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்துப் பயணத்தை 130 மி.மீ. அளவுக்குக் கட்டுப்படுத்தி, பழைய ஸ்பிரிங்கைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கடினமான ஸ்பிரிங் போட வேண்டும். பின்னாலும் ஷாக் அப்சார்பருக்கு உள்ளே ஸ்பேசர் வைத்துத்தான் தாழ்த்த வேண்டும். நீளமான லிங்க் (பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் தண்டு) மாட்டித் தாழ்த்தினால் பயணம் முழுதும் அப்படியே இருக்கும். டயர் மட்கார்டின் அடியை உரசும்.

ஆனால் அளவுக்கு மீறித் தாழ்த்திவிடாதீர்கள். நீங்கள் ஏறி அமர்ந்த பிறகும் ஸ்விங்ஆர்மின் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) பின்முனை முன்முனையைவிடத் தெளிவாகக் கீழே இருக்க வேண்டும். அது தட்டையாகிவிட்டால், வளைவிலிருந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகி வெளியே வரும்போது சங்கிலியின் இழுப்பு பின்பக்கத்தைத் தாங்காது. பின்பக்கம் அமுங்கி, வண்டி கோட்டைவிட்டு வெளியே ஓடும்.

கியர்ப்பெட்டி எழுதியது:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்ஜினைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்: உயர் அழுத்த பிஸ்டனை மறந்துவிடுங்கள். மண்தடத்தில் ஆக்ஸிலரேட்டர் முழுதாகத் திறந்திருக்கும் நேரம் விட்டுவிட்டு வரும். தார்த்தடத்தின் நீண்ட நேர்ப்பகுதியில் அது தொடர்ந்து திறந்தே இருக்கும். இந்த வகை இன்ஜின்களில் எண்ணெய் ஒரு லிட்டரை ஒட்டியே இருக்கிறது. பிஸ்டனைச் சுமார் 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. அப்படிப்பட்ட இன்ஜினிடம் இன்னும் கூடுதலாகக் கேட்பது நியாயமில்லை.

இன்ஜினைத் திறப்பதற்கு முன் வால்வ் இடைவெளியை அளந்து பாருங்கள். அந்தக் காலத்து 450-களில் பலவற்றில் இன்டேக் வால்வுகள் டைட்டானியம். மேலே உள்ள மெல்லிய கடினப்பூச்சு தேய்ந்துவிட்டால், வால்வ் மெல்ல மெல்ல இருக்கைக்குள் புதையும். இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூடான நிலையில் கிக்கர் அடித்து அடித்துக் கால் ஓய்ந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) மாற்றி இடைவெளியைச் சரிசெய்திருந்து, குறுகிய காலத்தில் மீண்டும் குறைந்திருந்தால், ஷிம் மாற்றிப் பயனில்லை, வால்வையே மாற்றுங்கள். கூடவே கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கியரிங். சக்கரம் சிறிதானதால் பின்டயரின் சுற்றளவு எட்டு சதவீதம் குறைகிறது. முதன்மைக் குறைப்பு 2.74, ஐந்தாம் கியர் 1.05 என்று வைத்துக்கொண்டால், 13/49 ஸ்ப்ராக்கெட்டில் (முன் பற்கள்/பின் பற்கள்) 10,000 ஆர்பிஎம்மில் பழைய டயரோடு மணிக்கு 118 கி.மீ. போன வண்டி, 17 அங்குல டயரோடு 108 கி.மீ.தான் போகும். 15/40 போட்டால் அதே சுழற்சியில் 153 கி.மீ. கிடைக்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டை மேலும் பெரிதாக்கினால் சில இன்ஜின்களில் சங்கிலி உறையை உரசும். கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யவும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மோட்டோகிராஸ் பின்ஹப்பில் ரப்பர் குஷன் கிடையாது. மண்ணில் டயர் வழுக்குவதால் அதிர்ச்சி அங்கேயே கரைந்துவிடும். தாரில் பிடிப்பு இருப்பதால் அது நேராகக் கியர்ப் பற்களில் போய் இறங்கும். சக்கரம் வாங்கும்போதே குஷன் உள்ள ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்லிப்பர் கிளட்ச் (இன்ஜின் பிரேக்கிங்கில் சற்று நழுவ விடும் கிளட்ச்) போட முடிந்தால், பெரிய ஒற்றைச் சிலிண்டரின் இன்ஜின் பிரேக்கிங்கில் பின்சக்கரம் துள்ளுவதும் குறையும்.

எண்ணெய்க்கறை எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் யாரும் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். சக்கரம், கிளாம்ப், பிரேக், ஸ்பிரிங், ஃபேரிங், லேத் கூலி எல்லாவற்றையும் கூட்டினால், விழுந்து எழுந்த பழைய 300 சிசி அல்லது 390 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டி ஒன்றை வாங்கிவிடலாம். அதில் எண்ணெய் மாற்றி, டயர் மாற்றி ஓட்டினால் போதும். டிராக்கில் அதிக நேரம் ஓட்டுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அதுவே அறிவான வழி. பட்டறையில் அதிக நேரம் கழிப்பதுதான் நோக்கம் என்றால் நான் தடுக்கவில்லை. அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

இடைவழி ஒன்றும் உண்டு. உயரமான கைப்பிடியை அப்படியே விட்டு, சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் மட்டும் மாற்றி, சூப்பர்மோட்டோவாக ஓட்டுங்கள். 1979-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றுக்காக மண்தடம், தார்த்தடம் இரண்டையும் கலந்து நடத்திய பந்தயத்திலிருந்து வளர்ந்த வகை அது. சிறிய, வளைவுகள் நெருங்கிய தடத்தில் அதைவிட மகிழ்ச்சியான வண்டி இல்லை.

சேற்றுச்சக்கரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஃபோர்க்கை ஏற்றும் எண்ணத்தையும் பிஸ்டனையும் கைவிட்டுவிட்டேன். எண்ணெய்க்கறை சொல்வது நியாயம்தான். ஆனால் கைவேலையும் எனக்கு வேண்டும். இரண்டு சந்தேகங்கள். இப்போதுள்ள 240 மி.மீ. முன் டிஸ்க் தார்த்தடத்துக்குப் போதுமா? கிளிப்-ஆன் கைப்பிடியால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது பார்ப்பதற்கு மட்டும்தானா?

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

டிஸ்க் போதாது. நான் மேலே சொன்ன இரண்டாவது வழியில் போனால் இந்தக் கேள்வியே எழாது. பழைய ஃபோர்க்கை வைத்துக்கொண்டால், 320 மி.மீ. டிஸ்க், அதற்கேற்ற பிராக்கெட், நான்கு பிஸ்டன் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மூன்றும் தேவை. கேலிப்பர் பெரிதாகும்போது மாஸ்டர் சிலிண்டரும் (லீவரோடு உள்ள பிரேக் எண்ணெய்ப் பம்ப்) பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் லீவர் கைப்பிடி வரை வந்து நிற்கும்.

கிளிப்-ஆன் வெறும் அலங்காரம் இல்லை. மண் வண்டியில் ஓட்டுபவர் நிமிர்ந்தே அமர்வதால் முன்சக்கரத்தில் எடை குறைவாகவே இருக்கும். உடம்பு முன்னே சாயும்போதுதான் முன் டயர் தரையைக் கடிக்கும். ஆனால் கைப்பிடியை மட்டும் தாழ்த்தி, கால்மிதியை அதே இடத்தில் விட்டால், முழு எடையும் மணிக்கட்டில் விழும். கால்மிதியைப் பின்னும் மேலும் நகர்த்தியே ஆக வேண்டும். உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்க ஒப்புக்கொள்ளும் என்பதை, மிதியை வெல்டிங் செய்வதற்கு முன் ஸ்டாண்டில் நிறுத்தி அமர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மடங்காது என்றால், எண்ணெய்க்கறை சொன்ன உயரமான கைப்பிடியோடு நில்லுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

டயர் அகலத்தில் மயங்க வேண்டாம். மோட்டோ3 (உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் சிறிய பிரிவு) பந்தய வண்டிகள் 2.50 அங்குல முன் ரிம்மிலும் 3.50 அங்குலப் பின் ரிம்மிலும் ஓடுகின்றன. உங்கள் வண்டிக்கு 160 தாராளம். 150 போட்டால் இன்னும் லேசாகச் சாயும்.

கொடிமேடை எழுதியது:

டிராக் டேக்களில் வண்டிகளைப் பரிசோதிக்கும் வேலையில் உதவுபவன் என்ற முறையில் சில வார்த்தைகள். மாற்றியமைத்த மண் வண்டிகளைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவது எண்ணெய் விஷயத்தில்தான். எண்ணெய் வடிக்கும் போல்ட், ஊற்றும் மூடி, ஃபில்டர் உறையின் போல்ட்டுகள் ஆகியவற்றில் துளையிட்டு, கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். கம்பி இழுபடும் திசை போல்ட்டை இறுக்கும் பக்கமாக இருக்க வேண்டும்; தளர்த்தும் பக்கமாகக் கட்டிக்கொண்டு வருபவர்களே அதிகம். இன்ஜின் பிரீதர் குழாய் (இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றுவது) மோட்டோகிராஸ் வண்டியில் திறந்தபடி கீழே தொங்கும். அதை ஒரு சேகரிப்புக் குப்பிக்குள் விட வேண்டும். ஃபேரிங்கின் அடிப்பகுதி, இன்ஜின் உடைந்தால் சிந்தும் எண்ணெயைத் தாங்குகிற தொட்டியாகவும் இருக்கட்டும். ரேடியேட்டரில் கிளைக்கால் (நீர் உறைவதைத் தடுக்கும் ரசாயனம்) கலந்த கூலண்ட் வேண்டாம், வெறும் நீர் போதும். கூலண்ட் சிந்திய இடம் எளிதில் காயாது, பின்னால் வருபவர் வழுக்கி விழுவார்.

சத்த அளவைத் தடத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தடத்துக்குத் தடம் வரம்பு மாறும், இந்த இன்ஜின்களின் பழைய சைலன்சர் பெரும்பாலும் தேறாது. கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது கட்டைவிரல் டேங்கிலும் ஃபேரிங்கிலும் சிக்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் சிறியது என்பதால், நீண்ட அமர்வுகளுக்கு ஒவ்வொரு முறையும் நிரப்பிக்கொண்டே இறங்குங்கள்.

முதல் அமர்வில் மெதுவான குழுவில் இறங்கி, சில சுற்றுகளிலேயே உள்ளே வந்து, ஃபோர்க் கால், கேலிப்பர் பிராக்கெட், ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபாருங்கள். ஸ்டீரிங் தலையைச் சுற்றியுள்ள வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள்; பழைய பிரேமில் அது இருந்தால், கறுப்புக் கோடாகத் தெரியும்.